முகம் கிழிந்து வந்தவனுக்கு ஏன் உடனே தையல் போடவில்லை?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. பன்னிரண்டு நாளுக்கு முன் இரவு வேலை முடிந்து பைக்கில் வந்தபோது, திரும்பிய மினி லாரி ஒன்று இடித்துவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தான், ஆனால் வாரை மாட்டவில்லை. விழும்போதே அது கழன்று ஓடிவிட்டது. 108-இல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இடது புருவத்திலிருந்து கன்னம் வரை கிழிந்து தோல் தொங்கியது. சட்டையெல்லாம் ரத்தம். அப்படி வந்தவனுக்கு ஒரு துணிக்கட்டு போட்டு, கழுத்தில் பட்டையை மாட்டி, மஞ்சள் பகுதியில் படுக்க வைத்துவிட்டார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த ஒருவருக்குத் தாடை வீங்கியிருந்தது, அவ்வளவுதான். குடித்திருந்தார் போல, படுக்கச் சொன்னால் படுக்காமல் எழுந்து எழுந்து உட்கார்ந்து ரத்த எச்சிலை வடித்துக்கொண்டிருந்தார். அவரை மட்டும் உடனே சிவப்புப் பகுதிக்குள் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஆள் பலம் உள்ளவர் என்று நினைத்துக்கொண்டோம்.

தம்பிக்குத் தையல் போட ஐந்து மணி நேரம் ஆனது. அதற்குள் மூன்று முறை வந்து பெயர் என்ன, என்ன கிழமை, எங்கே இருக்கிறாய் என்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள். வலியில் துடிப்பவனைப் பார்த்து ஒரு டாக்டர் சிரிக்கச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஸ்கேன் எடுத்துவிட்டு, மூளையில் ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள் என்றார்கள். இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் போலீஸ் மூலம் வந்த காயச் சான்றிதழில் கொடுங்காயம் என்று இருக்கிறது. எதை நம்புவது? தாமதமாகத் தைத்ததால்தான் தழும்பு தடித்துத் தெரிகிறதா? இன்னொன்று, இடது கன்னமும் மேல் உதடும் இன்னும் மரத்தே இருக்கின்றன. தையல் போட்ட மருந்தின் வேகம் என்று சும்மா இருக்கிறோம். சரிதானா?
(வாசகி, ஆத்தூர்)

பதில்: கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். கன்னம் மரத்திருப்பது தையல் மருந்தின் வேகம் அல்ல. அந்த மருந்து சில மணி நேரத்தில் இறங்கிவிடும். பன்னிரண்டு நாள் நிற்காது. இதற்கு நாள் கணக்கு உண்டு என்பதால் அதைப் பற்றிய பகுதியை மட்டும் உங்களுக்குத் தனியாக முன்பே அனுப்பிவிட்டேன். இங்கே மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில், பின்னால் வந்த அந்தத் தாடைக்காரர். அவரை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயம் என் கண்ணில் பட்டது: படுக்க மாட்டேன் என்று எழுந்து உட்கார்ந்தார், எச்சிலை விழுங்காமல் வெளியே வடித்தார். முகத்தாடை அறுவை சிகிச்சை செய்கிற எவருக்கும் இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் வயிற்றைக் கலக்கும்.

நாக்கு வாய்க்குள் அந்தரத்தில் நிற்பதில்லை. அதன் முக்கியமான தசை, கீழ்த்தாடையின் முன்பகுதியில், மோவாய்க்குப் பின்புறம் கட்டப்பட்டிருக்கிறது. தாடை இரண்டு பக்கமும் உடைந்தால் நடுவில் இருக்கும் துண்டு பிடிமானம் இழந்து பின்னால் சரியும். அதோடு நாக்கும் தொண்டையை நோக்கிப் போகும். மல்லாக்கப் படுத்தால் மூச்சு அடைக்கும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் நாக்கு தானாக முன்னுக்கு வந்து வழிவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே உடம்பு இதைக் கண்டுபிடித்துவிடுகிறது. ஆகவே அவர் அடம்பிடித்ததற்குக் காரணம் குடியாக இருக்க வேண்டியதில்லை. குடித்தே இருந்தாலும் அவர் செய்தது சரியான காரியம். இப்படிப்பட்டவரை நான்கு பேர் சேர்ந்து தோளை அமுக்கிப் படுக்க வைப்பதுதான் கேஷுவாலிட்டி வாசலில் நடக்கிற மோசமான உதவி. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், அதில் சந்தேகமில்லை.

வெளியே வீக்கம் மட்டும், உள்ளே மூச்சுப் பாதை எந்த நேரமும் மூடலாம் என்ற நிலை. தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தின்கீழ் வாசலிலேயே ஆட்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். இந்த நிறம் காயத்தின் கோரத்துக்குக் கொடுப்பதல்ல. இன்னும் சில நிமிடம் விட்டால் உயிர் போகுமா, காத்திருக்கலாமா, நடந்தே போய் மருந்து கட்டிக்கொள்ளலாமா என்ற கணக்கு. ஆள் பலத்துக்கும் காசுக்கும் அதில் இடமில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்குக் கட்டணமும் கிடையாது.

உங்கள் தம்பி வலியில் கத்தினார், பேசினார் என்று தெரிகிறது. எங்களுக்கு அது நல்ல செய்தி. தெளிவாகப் பேசுகிறவனுக்கு மூச்சுப் பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்று பாதி பரிசோதனை அங்கேயே முடிந்துவிடும். கத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று அடங்கிப்போனால், குறட்டை மாதிரி சத்தம் வந்தால், அல்லது குரல் கரகரத்தால், வரிசையை உடைத்துக்கொண்டு ஓடுவோம். வார்டில் கூட இருக்கும் உறவினர்கள், அப்பாடா தூங்கிவிட்டான் என்று நிம்மதிப்படுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

அடுத்தது ரத்தம். முகத்துக்கு ரத்த ஓட்டம் தாராளம். சின்ன வெட்டுக்கே சட்டை நனையும். பார்க்கிறவருக்கு உயிரே வடிகிற மாதிரி இருக்கும். ஆனால் முகத்தோலில் வருகிற ரத்தத்தைப் பெரும்பாலும் மடித்த காஸ் துணியை வைத்து அழுத்திக் கட்டியே நிறுத்திவிடலாம். உங்களுக்கு அலட்சியமாகத் தெரிந்த அந்த ஒரு கட்டு, அந்த நேரத்துக்குத் தேவையான முழு வைத்தியம். எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத் திருப்பித் திருப்பிச் சொல்வதுண்டு: முகத்தில் ரத்தத்தோடு வந்தவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருந்தால், முகத்தைக் குற்றம் சொல்லிவிட்டு நிற்காதே, வயிறு, நெஞ்சு, இடுப்பு, தொடை என்று தேடு. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்துகொண்டிருக்கும், வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. எல்லோரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆள் போய்விடுவார்.

இதற்கு விலக்கு உண்டு. நடுமுக எலும்புகள் நொறுங்கி, மூக்கின் பின்புறமாகத் தொண்டைக்குள் ரத்தம் இறங்குகிற நிலை. அது வெளியே தெரியாது. மல்லாக்கப் படுத்திருப்பவர் விழுங்கிக்கொண்டே இருப்பார், திடீரென்று கறுப்பாக வாந்தி எடுப்பார். ஆகவே அடிபட்டவர் அடிக்கடி எச்சில் விழுங்குவது போலத் தெரிந்தால் வாயைத் திறந்து டார்ச் அடித்துத் தொண்டையின் பின்சுவரைப் பார்க்க வேண்டும்.

கழுத்துப் பட்டைக்கு வருகிறேன். முகத்தில் விழுந்த அடி தலையைப் பின்னால் மடக்கியிருக்கும். கழுத்தெலும்பு முறிந்திருந்தால், தையல் போட வசதியாக முகத்தை ஒரு பக்கம் திருப்பிய அந்த ஒரு திருப்பலில் கை கால் விளங்காமல் போகலாம். கழுத்து சரியாக இருக்கிறது என்று உறுதியாகும் வரை பட்டை இருக்கும். அது அரிக்கும், எரிச்சலூட்டும், பார்க்கக் கொடுமையாகவும் இருக்கும். மேலே சொன்ன தாடை உடைந்தவருக்கு உட்காரவும் வேண்டும், கழுத்தை அசைக்கவும் கூடாது. இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் அந்தச் சிவப்புப் பகுதியில் அனுபவமுள்ளவர்கள் தேவைப்படுவதற்குக் காரணம்.

ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டது மறதியால் அல்ல. கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிற கிளாஸ்கோ அளவுகோல் என்று ஒன்று 1974 முதல் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. முழு மதிப்பெண் 15, குறைந்தது 3. எட்டும் அதற்குக் கீழும் போனால் மூச்சுக்குழாயில் டியூப் போடுவதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவோம். ஒரு தடவை எடுத்த மதிப்பெண்ணை விட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் முக்கியம். எட்டு மணிக்கு கிழமை சொன்னவர் ஒன்பது மணிக்குத் தப்பாகச் சொன்னால் மண்டைக்குள் ஏதோ நடக்கிறது. உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள்: அவரிடம் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். "வெள்ளிக்கிழமை டாக்டர்" என்று பக்கத்திலிருந்து அக்கா சொன்னதும் அந்தப் பரிசோதனை கெட்டுவிடும். அப்புறம், குடித்திருந்தால் மறைக்காதீர்கள். போதையா மூளையில் ரத்தக்கசிவா என்று பிரித்தறிய எங்களுக்கு அது தேவை. சந்தேகம் இருந்தால் போதை தெளியட்டும் என்று காத்திருக்க மாட்டோம், ஸ்கேன் எடுத்துவிடுவோம்.

இதற்கெல்லாம் பிறகுதான் முகத்துக்கு வருகிறோம். அதிலும் முதல் இடம் கண்ணுக்கு. வீக்கம் ஏறிவிட்டால் இமையைத் திறக்கவே முடியாது. ஆகவே தையலுக்கு முன், ஸ்கேனுக்குப் போகும் முன், கண்ணைப் பார்த்துவிட வேண்டும். இமையை விரலால் அழுத்தித் திறக்கக் கூடாது, விழி கிழிந்திருந்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். எலும்பின் விளிம்பில் விரலை ஊன்றி மெதுவாக விலக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணாக மூடி, எத்தனை விரல் என்று கேட்போம். டார்ச் அடித்தால் கண்பாவை சுருங்குகிறதா, இரண்டும் ஒரே அளவா, மேலே பார்த்தால் ஒன்று இரண்டாகத் தெரிகிறதா என்று பார்ப்போம்.

கண் முன்னால் பிதுங்கி, கல் மாதிரி இறுகி, வலியோடு பார்வை மங்கிக்கொண்டே போனால் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கிப் பார்வை நரம்பை நெரிக்கிறது என்று பொருள். முகக் காயங்களில் மூச்சு அடைப்புக்கு அடுத்தபடி எனக்குப் பயம் தருவது இதுதான். சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தத்தை இறக்காவிட்டால் பார்வை திரும்பாமல் போகலாம். ஸ்கேன் வரட்டும் என்று நிற்காமல், மரக்கும் ஊசி போட்டு, கண்ணின் வெளி ஓரத்தில் ஒரு சிறு வெட்டு போட்டு இமையைத் தளர்த்திவிடுவார்கள். வெளியே தோலில் ஒரு காயம்கூட இல்லாமல் இப்படி வருவதுண்டு.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. கண்குழியின் அடித்தளம் அப்பளம் போல மெலிசு. பெரியவர்களுக்கு உடைந்து விழும். குழந்தைகளுக்கு வளைந்து திறந்து மறுபடி மூடிக்கொள்ளும், மூடும்போது கண்ணை அசைக்கும் தசையைக் கவ்விக்கொள்ளும். பார்த்தால் கண் வெள்ளையாக, சிவப்போ வீக்கமோ இல்லாமல் இருக்கும். ஆனால் பிள்ளை மேலே பார்க்க முடியாமல் வலியில் அழும், வாந்தி எடுக்கும், நாடித்துடிப்பு குறையும். தலையில் அடி என்று நினைத்து மூளை ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினால் தசை அழுகிப்போகும். கிரிக்கெட் பந்தோ முழங்கையோ கண்ணோரம் பட்ட பிள்ளை வாந்தி எடுத்தால், மேலே, கீழே பார்க்கச் சொல்லி ஒரு தடவை சோதித்துவிடச் சொல்லுங்கள்.

கண்ணை முடித்தால் மீதி எல்லாம் கை வேலை. நோயாளியின் தலைமாட்டில் நின்று இரண்டு கட்டைவிரலையும் புருவ எலும்பிலிருந்து ஆரம்பித்து, கண்குழி விளிம்பு, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு என்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓட்டிக்கொண்டு போவோம். ஒரு பக்கம் படிக்கட்டாக இடறினால் அங்கே முறிவு. 1901-இல் ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு மருத்துவர் சடலங்களின் முகத்தில் பல கோணங்களில் அடியைச் செலுத்திப் பார்த்து, நடுமுகம் பெரும்பாலும் மூன்று கோடுகளை ஒட்டித்தான் உடைகிறது என்று கண்டறிந்தார். இன்றும் அவர் பெயரில்தான் முறிவை வகைப்படுத்துகிறோம். ஒரு கை மேல்பல் வரிசையைப் பிடித்து மெதுவாக ஆட்டும், இன்னொரு கை மூக்குத் தண்டின் மேல் இருக்கும். பல் வரிசை மட்டும் ஆடினால் ஒன்று, மூக்கும் சேர்ந்து ஆடினால் இரண்டு, முழு முகமுமே மண்டையை விட்டு நகர்ந்தால் மூன்று.

எல்லாவற்றையும் விட மலிவான பரிசோதனை ஒரு கேள்விதான்: "கடிச்சா பல்லு முன்ன மாதிரி பொருந்துதா?" நம் பல் வரிசையில் ஒரு முடி அளவு மாற்றம் வந்தாலும் நமக்குத் தெரிந்துவிடும். பொருந்தவில்லை என்று நோயாளி சொன்னால் எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் நான் நோயாளியைத்தான் நம்புவேன். நாக்கை அமுக்கிப் பார்க்கிற மரக்குச்சியைக் கடைவாயில் கடிக்கச் சொல்லி அதை முறுக்குவதும் உண்டு. விடாமல் கடித்துக் குச்சியை ஒடிக்க முடிந்தால் கீழ்த்தாடை பெரும்பாலும் முறியவில்லை. மோவாயில் மட்டும் கிழிந்து வருகிறவரைக் கண்டால் கை தானாகக் காதுக்கு முன்னால் போகும். மோவாயில் வாங்கிய அடி தாடை மூட்டில்தான் முறிவைக் காட்டும். சைக்கிளிலிருந்து விழுந்து மோவாயில் நான்கு தையலோடு வீட்டுக்குப் போன குழந்தைக்கு, இந்த முறிவு தப்பிப்போனால் சில வருடத்தில் வாய் திறக்காமல் போய்விடலாம்.

மூக்குக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்போம். நடுச்சுவரில் ரத்தம் கட்டி நீலமும் சிவப்புமாக உப்பியிருந்தால் ஓரிரு நாளுக்குள் அதை வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் குருத்தெலும்பு செத்து மூக்கு நடுவில் பள்ளமாக விழுந்துவிடும். மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகினால், அல்லது காதுக்குப் பின்னால் கன்றிப்போயிருந்தால், மண்டையின் அடித்தளம் முறிந்து மூளையைச் சுற்றியிருக்கும் நீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது மூக்கு வழியாக டியூப் விடுவது ஆபத்து. மூக்கைச் சிந்தவும் கூடாது. பல் காணவில்லை என்றால் அதற்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். ரோட்டில் கிடக்கிறதா, உதட்டுக்குள் புதைந்திருக்கிறதா, எங்கும் இல்லையென்றால் நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே. நுரையீரலுக்குள் போயிருக்கலாம்.

இப்போது அந்தச் சிரிப்பு. உங்களுக்கு ஆத்திரம் வந்ததில் வியப்பில்லை. ஏன் கேட்கிறேன் என்று அந்த டாக்டர் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. கன்னத்தின் உள்ளே முகத்தை அசைக்கிற நரம்பு காதுக்கு முன்னாலிருந்து விசிறியாகப் பிரிந்து வருகிறது. கத்தியோ தகரமோ கிழித்தால் அதன் கிளை அறுந்திருக்கலாம். புருவத்தைத் தூக்கு, கண்ணை இறுக மூடு, பல்லைக் காட்டிச் சிரி என்று மூன்றும் செய்யச் சொன்னால் எந்தக் கிளை போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். இதை மரக்கும் ஊசி போடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஊசி போட்டபின் மருந்தால் அசையவில்லையா, நரம்பு அறுந்து அசையவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணின் வெளி ஓரத்திலிருந்து நேர்கீழாக ஒரு கோடு போட்டால், அதற்குக் காதுப் பக்கமாக அறுந்த கிளையைத் தேடி இணைப்பது வழக்கம். மூக்குப் பக்கமாக இருந்தால் கிளைகள் பொடிப்பொடியாகிவிடுவதால் பெரும்பாலும் தானாகவே சரியாகும். உங்கள் தம்பியைச் சிரிக்கச் சொன்னவர் கவனமானவர். எனக்கு அந்த மருத்துவமனை மேல் மரியாதை வந்ததே அந்த வரியைப் படித்துத்தான்.

ஐந்து மணி நேரத் தாமதத்தால் தழும்பு தடிக்காது. கால் காயத்துக்கு இருக்கிற அவசரம் முகத்துக்கு இல்லை. ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் சீழ் பிடிப்பது குறைவு. நன்றாகக் கழுவி மூடி வைத்த முகக் காயத்தை ஒரு நாள் கழித்துத் தைத்தாலும் நன்றாகவே ஆறும். அவசரத்தில், அரைகுறை வெளிச்சத்தில், தார்த் துகளோடு சேர்த்துத் தைத்துவிட்டால்தான் ஆபத்து. அந்தத் துகள் பச்சை குத்திய மாதிரி ஆயுளுக்கும் நிற்கும். அதனால் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவுவார்கள். புருவத்தை மழிக்காமல் இரண்டு பக்கமும் நேராகப் பொருத்துவார்கள். இதற்கெல்லாம் நேரமும் நிதானமும் வேண்டும். இப்போது தடித்துச் சிவந்து தெரிவது இந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் வருவதுதான். முதல் சில மாதம் தழும்பு மோசமாகித்தான் பிறகு அடங்கும். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தழும்பைத் திருத்தும் அறுவை சிகிச்சை தேவையா என்று ஆறு மாதமாவது, முடிந்தால் ஒரு வருடம் கழித்துத்தான் முடிவு செய்வோம். அதற்குள் யாராவது லேசர் என்று பணம் கேட்டால் தள்ளிப்போடுங்கள்.

எதை நம்புவது என்று கேட்டீர்கள். இரண்டும் சரி. பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னது உயிரைப் பற்றி. சான்றிதழில் இருப்பது சட்டத்தின் கணக்கு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவு எதையெல்லாம் கொடுங்காயம் என்று எண்ண வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. பார்வை நிரந்தரமாகப் போவது, முகம் நிரந்தரமாக உருக்குலைவது, உயிருக்கு ஆபத்தான காயம், பதினைந்து நாள் கடும் வலியில் கிடப்பது என்று போகிற அந்தப் பட்டியலில் எலும்பு முறிவும், பல் உடைவதும் பெயர்வதும்கூட உண்டு. ஆகவே ஒரு முன்பல் உடைந்தால் சட்டத்தில் கொடுங்காயம். பத்து சென்டிமீட்டர் கிழிந்து இருபது தையல் போட்டும் எலும்பில் ஒன்றுமில்லை என்றால் அது சாதாரணக் காயமாகவே எழுதப்படலாம். மருத்துவம் அடுத்த ஒரு மணி நேரத்தைப் பார்க்கிறது, சட்டம் முடிந்துபோன சேதத்தைப் பார்க்கிறது.

ஆனால் இங்கே ஒரு துப்பு இருக்கிறது. உங்கள் தம்பிக்குப் பல் போனதாக நீங்கள் எழுதவில்லை. பார்வை இருக்கிறது. பன்னிரண்டு நாளில் முகம் நிரந்தரமாக உருக்குலைந்தது என்று யாரும் எழுத மாட்டார்கள், பதினைந்து நாள் கணக்கும் இன்னும் ஆகவில்லை. அப்படியானால் கொடுங்காயம் என்று எழுதியவர் ஸ்கேனில் ஒரு எலும்பு முறிவைப் பார்த்திருக்க வேண்டும். கன்னமும் மேல் உதடும் மரத்திருப்பது அது எந்த எலும்பு என்பதையும் சொல்லிவிடுகிறது. கண்குழியின் கீழ் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை வழியாக வருகிற நரம்புதான் கீழிமை, கன்னம், மூக்கின் பக்கவாட்டு, மேல் உதடு, மேல் முன்பற்கள் எல்லாவற்றுக்கும் உணர்ச்சி தருகிறது. கன்ன எலும்போ கண்குழியின் அடித்தளமோ உடைந்தால் விரிசல் பெரும்பாலும் அந்தத் துளை வழியாகவே ஓடும். புருவத்திலிருந்து இறங்கிய கிழிசலிலேயே அந்த நரம்பு அடிபட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. எப்படி இருந்தாலும் பார்த்துவிட வேண்டியதுதான். கீழ் உதடும் மோவாயும் மரத்திருந்தால் நான் கீழ்த்தாடையைச் சந்தேகித்திருப்பேன்.

டிஸ்சார்ஜ் சீட்டில் முகத்தாடைப் பிரிவுக்கு வரச் சொல்லி ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருக்கும் என்று நினைக்கிறேன். தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவது வழக்கமாகிவிட்டது.

இப்போது வீட்டில் நீங்களே பார்க்கக் கூடியவை. தம்பியை உட்கார வைத்து, அவர் தலைக்குப் பின்னால் நின்று மேலிருந்து கீழே பாருங்கள், இடது கன்னம் வலதை விடத் தட்டையாகத் தெரிகிறதா? வீக்கம் வடிந்திருப்பதால் இப்போது தெரியும். வாயைத் திறந்தால் அவருடைய மூன்று விரல் நிமிர்த்தினாற்போல் நுழைகிறதா? தலையை அசைக்காமல் மேலே பார்த்தால் ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? இடது கண் உள்வாங்கின மாதிரி இருக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் நாளைக்கே புறப்படுங்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள். விலகிய கன்ன எலும்பை இரண்டு வாரத்துக்குள் தூக்கி நிறுத்துவது சுலபம். மூன்று, நான்கு வாரம் போய்விட்டால் கோணலாகவே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மறுபடி வெட்டித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். எலும்பு விலகாமல் வெறும் விரிசல்தான் என்றால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். மரப்பு சில மாதங்களில் ஊசி குத்துகிற மாதிரி, எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்து மெதுவாக விலகும். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்பதும் உண்டு. அதுவரை கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், சூடு தெரியாமல் கொப்புளம் போட்டுவிடும். மூக்கைச் சிந்தவும் வேண்டாம். கண்குழியில் விரிசல் இருந்தால் காற்று உள்ளே புகுந்து கண் உப்பிவிடும்.

சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, பக்கத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருந்தால் அங்கே முகத்தாடை அறுவை சிகிச்சைப் பிரிவின் வெளிநோயாளிகள் பகுதியிலோ காட்டலாம். போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், படத்தையோ சிடியையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அன்று எடுத்தது மூளைக்கு மட்டுமா, முக எலும்புக்கும் சேர்த்தா என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும். மூளைக்கு மட்டும் எடுத்திருந்தால் கன்ன எலும்பின் கீழ்ப்பகுதி அதில் முழுதாக வந்திருக்காது, முகத்துக்குத் தனியாக ஒன்று எடுக்கச் சொல்வார்கள். காயச் சான்றிதழின் நகலையும், விபத்துக்கு முன் எடுத்த, முகம் நேராகத் தெரிகிற ஒரு போட்டோவையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். கன்னம் முன்பு எப்படி இருந்தது என்று டாக்டர் கட்டாயம் கேட்பார்.